பிரெஜுடிஸ்: தப்பெண்ணமும் குந்தகமும்

'பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கும் வகையில்' என்ற தொடர், நாளிதழ் படிக்கும் பழக்கமுள்ள எவருக்கும் மனப்பாடமாகவே இருக்கும். 'தப்பெண்ணம்', 'முன்முடிவு' என்ற சொற்களும் சாதியைப் பற்றியோ பெண்களைப் பற்றியோ எழுதப்படும் கட்டுரைகளில் அடிக்கடி தென்படுபவை. குந்தகம் காவல் துறையின் அறிக்கைக்கு உரிய சொல், தப்பெண்ணம் சமூகக் கட்டுரைக்கு உரிய சொல் என்று நாம் பழகிவிட்டதால், இவ்விரண்டுக்கும் இடையே உறவு ஏதும் இருக்கக்கூடும் என்ற ஐயமே நமக்கு எழுவதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பிரெஜுடிஸ் என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. வழக்கு ஆவணங்களைத் தமிழாக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்பதால், ஒரே பக்கத்தில் இச்சொல்லை ஓரிடத்தில் 'பாதகம்' என்றும் வேறோரிடத்தில் 'முன்முடிவு' என்றும் எழுத வேண்டிய நிலை எனக்கு வழக்கமாக நேர்வதுண்டு. இந்த இரண்டு பொருள்களும் தற்செயலாக ஒரு சொல்லில் வந்து ஒண்டிக்கொண்டவை என்று நான் நினைக்கவில்லை. விசாரிக்குமுன் எடுக்கப்பட்ட முடிவு, அதனால் ஒருவருக்கு வந்து சேரும் கேடு ஆகிய இரண்டும் சேர்ந்ததுதான் அச்சொல். நம் சட்ட வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு.

முதலில் பேச்சு வழக்கில் உள்ள பொருளைப் பார்க்கலாம். ஒருவரைப் பற்றி எதுவும் அறிவதற்கு முன்பே, அவருடைய பிறப்பையோ ஊரையோ மொழியையோ தோற்றத்தையோ வைத்து நாம் கொண்டுவிடும் கருத்து தப்பெண்ணம். வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் வேலையையும் சம்பளத்தையும் கேட்பதற்கு முன் 'சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு' என்று கேட்கும் வீட்டுக்காரர் உண்மையில் விசாரிப்பதில்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் தீர்ப்பு இவருக்குப் பொருந்துமா என்று மட்டும் சரிபார்க்கிறார். அந்தக் கருத்தின்படி அவர் வீட்டைக் கொடுக்க மறுத்தால் அது பாரபட்சம். கருத்து மனத்தில் இருப்பது, பாரபட்சம் செயலில் இருப்பது என்ற இந்த வேறுபாட்டை நம் எழுத்தில் பலரும் கவனிப்பதில்லை. 'ஓரவஞ்சனை' இன்னும் நுட்பமானது. ஒரே தாயின் பிள்ளைகளிடத்தும் ஒரே பந்தியில் அமர்ந்தவர்களிடத்தும் சமமாக நடக்கக் கடமைப்பட்டவர் ஒரு பக்கம் சாய்வதைத்தான் அச்சொல் குறிக்கிறது. முன்பின் தெரியாதவர் மீது கொள்ளும் வெறுப்பை யாரும் ஓரவஞ்சனை என்று சொல்வதில்லை. 'காழ்ப்பு' என்பதோ நாள்பட்டு முற்றிய பகை. இவை எல்லாவற்றையும் பிரெஜுடிஸ் என்ற சொல்லுக்கு நேராக அகராதியில் வரிசையாக அடுக்கிவிடலாம், ஆனால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் வாக்கியம் கோணிவிடும்.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியில், ரோமானியச் சட்டத்தில் இருக்கிறது. 'முன்' என்பதும் 'தீர்ப்பு' என்பதும் சேர்ந்த கூட்டுச்சொல் அது. ரோமில் முதன்மை வழக்குக்கு முன்னதாக நடத்தப்படும் ஒருவகை விசாரணைக்கு அதுவே பெயர். இன்னார் சுதந்திர மனிதரா அடிமையா என்பது போன்ற, ஒருவரின் நிலையைப் பற்றிய கேள்விகள் அங்கே முடிவு செய்யப்பட்டன. இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். அடிமை என்று அங்கே முடிவாகிவிட்டவருக்கு அதன் பிறகு வரும் வழக்கில் என்ன இருக்கப்போகிறது? முன்தீர்ப்பு என்ற சொல் காலப்போக்கில் பாதகம் என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. ஆங்கிலத்திலும் கேடு என்ற பொருள் மிகப் பழையது. வழக்கறிஞர்களின் மொழியில் இன்றும் அதுதான் முதற்பொருளாக நிற்கிறது.

அந்தப் பொருளை நம்மில் பெரும்பாலோர் முதன்முதலில் சந்திப்பது வக்கீல் கடிதத்தின் தலைப்பில். 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று தடித்த எழுத்தில் அச்சிட்டுக் கீழே கோடும் போட்டிருப்பார்கள். ஒருவர் 5 லட்ச ரூபாய் கடன் தர வேண்டும் என்று வழக்கு. கடன் வாங்கியவரோ அவ்வளவு இல்லை என்கிறார். வழக்கை இழுத்தடிக்க வேண்டாம், 3 லட்சம் தருகிறேன், முடித்துக்கொள்வோம் என்று அவர் எழுதும் கடிதத்தின் தலைப்பில் இந்தச் சொற்கள் இருக்கும். சமரசம் முறிந்து வழக்கு மன்றத்துக்குப் போனால், '3 லட்சம் கடன் உண்டென்று இவரே ஒப்புக்கொண்டுவிட்டார் பாருங்கள்' என்று எதிர்த்தரப்பு அந்தக் கடிதத்தை நீட்டக் கூடாது என்பதுதான் நோக்கம். 'என் உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று நான் இதைத் தமிழாக்குவது வழக்கம். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 23-ஆவது பிரிவில் இதற்கு இடம் தந்தது: உரிமையியல் வழக்குகளில், சாட்சியமாகக் கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு செய்யப்பட்ட ஒப்புதலும், தரப்பினர் அவ்வாறு உடன்பட்டிருந்தார்கள் என்று சூழ்நிலையிலிருந்து ஊகிக்கத்தக்க ஒப்புதலும் ஏற்கப்படமாட்டா. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருந்தாலும் இந்த விதி தொடர்கிறது.

அந்தப் பிரிவில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்ற சொற்களே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தகராறும் அதைத் தீர்க்கும் பேச்சும் இருந்தால்தான் பாதுகாப்பு. தலைப்பு அதற்கு அடையாளம் மட்டுமே. இது தெரியாமல், மிரட்டல் கடிதத்துக்கும், வெறும் நினைவூட்டலுக்கும், சில இடங்களில் பொங்கல் வாழ்த்து அனுப்பும் அலுவலகத் தாளுக்கும்கூட இதை நிரந்தரத் தலைப்பாகப் போட்டு வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தாயத்துக் கட்டிக்கொண்டால் பேய் அண்டாது என்பது போன்ற நம்பிக்கை.

சட்டங்களின் வாசகத்திலும் இத்தொடர் ஏராளம். 'மேற்கண்ட அதிகாரத்தின் பொதுத்தன்மைக்குப் பாதகமின்றி' என்று தொடங்கி ஒரு பட்டியல் வந்தால், அந்தப் பட்டியல் முன்னே சொன்ன பொது அதிகாரத்தைச் சுருக்கிவிடாது என்று பொருள். அமெரிக்க நீதிமன்றச் செய்திகளில் வழக்கு 'பிரெஜுடிஸுடன்' தள்ளுபடி என்று வந்தால், அதே கோரிக்கையை மறுபடி கொண்டுவர முடியாது. 'பிரெஜுடிஸ் இன்றி' என்றால் கொண்டுவரலாம். அந்தச் செய்திகளைத் தமிழில் தரும் சிலர் 'தப்பெண்ணத்துடன் வழக்குத் தள்ளுபடி' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கும் வாசகர் நீதிபதியின் நேர்மையைச் சந்தேகிப்பார். அந்த நீதிபதியோ வழக்கமான ஓர் உத்தரவைத்தான் போட்டிருப்பார்.

பணியாளர் மீதான துறை விசாரணைகளில் இச்சொல் வேறொரு வேலை செய்கிறது. விசாரணை அதிகாரியின் அறிக்கை நகலைத் தராமல் ஒருவரைப் பணிநீக்கம் செய்துவிட்டால், அந்த நீக்கம் தானாகவே செல்லாததாகிவிடுமா? 1993-இல் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் நிறுவனத்துக்கும் பி. கருணாகருக்கும் இடையிலான வழக்கில், அறிக்கையைப் பெறுவது பணியாளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. ஆனால் நகல் கிடைக்காததால் அவருக்கு உண்மையில் பாதகம் ஏற்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னது. அதன் பிறகு வந்த பல தீர்ப்புகளில் 'பிரெஜுடிஸ் சோதனை' என்றே ஒன்று நிலைபெற்றுவிட்டது. முறை தவறியது மட்டும் போதாது, அந்தத் தவறு உனக்கு என்ன கேடு செய்தது என்று காட்டு என்பதே அதன் சாரம். இந்தச் சோதனை பாதிக்கப்பட்டவர் மீது கூடுதல் சுமையை ஏற்றுகிறது என்பது என் எண்ணம். அறிக்கையே கைக்கு வராதவர், வந்திருந்தால் தன் பதில் எப்படி இருந்திருக்கும் என்று பின்னாளில் நிறுவ வேண்டியிருக்கிறது.

நான் முன்னர்க் குறிப்பிட்ட வரலாற்றுச் சான்று இனி வருகிறது. சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். 1869 முதல் 1872 வரை வைஸ்ராயின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்தவர். அவர் வரைந்த சட்டத்தின் 54-ஆவது பிரிவு, குற்ற வழக்கில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், கெட்ட நடத்தை பொருத்தமற்றது என்றது. தான் நல்லவன் என்று எதிரியே சாட்சியம் கொடுத்தாலொழிய, அவன் எப்படிப்பட்டவன் என்ற பேச்சை அரசுத் தரப்பு எடுக்கவே கூடாது. இந்தத் திருட்டை இவன் செய்தானா என்பதுதான் கேள்வி. இவன் திருடுகிற ஆள்தான் என்ற ஊர்ப்பேச்சு நீதிபதியின் மனத்தில் முன்கூட்டியே ஒரு தீர்ப்பை எழுதிவிடும் என்ற அச்சத்தில் பிறந்த விதி அது. முன்முடிவுக்கு எதிராக இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட விதி நம் சட்டப் புத்தகங்களில் அரிது. சாட்சியச் சட்டம் நிறைவேறிய நாள் 1872 மார்ச் 15.

அதற்கு ஐந்தே மாதங்களுக்கு முன், 1871 அக்டோபர் 12 அன்று, அதே ஸ்டீஃபன் சட்ட உறுப்பினராக இருந்த அதே ஆட்சியில், குற்றப் பழங்குடிகள் சட்டம் ஒப்புதல் பெற்றது. ஒரு குலமோ கூட்டமோ வகுப்போ தொடர்ந்து குற்றம் செய்யும் வழக்கமுடையது என்று மாகாண அரசு கருதினால், அதைக் குற்றப் பழங்குடி என்று அறிவிக்கலாம். அறிவிப்பு வெளியானால் அதுவே முடிந்த முடிபு. எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது. அந்தக் குலத்தில் பிறந்தவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறித்த எல்லைக்குள் வாழ வேண்டும், வெளியே போகச் சீட்டு வாங்க வேண்டும். தச்சர் மகன் தச்சராவதைப் போலக் குற்றமும் இந்த நாட்டில் குலத்தொழிலாக இறங்குகிறது என்பதே அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக அன்று சொல்லப்பட்ட வாதம். அதே சட்டத்தின் இரண்டாம் பகுதி திருநங்கையரையும் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. தனி மனிதர் ஒருவரின் கெட்ட பெயரைக்கூட நீதிபதியின் காதுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தடுத்த அதே அரசு, இலட்சக்கணக்கானோரின் பிறப்பையே கெட்ட பெயராக்கி, அதை நீதிபதியாலும் தொட முடியாதபடி பூட்டி வைத்தது. ஸ்டீஃபனின் அறிவுக் கூர்மையை மெச்சும் சட்ட வரலாற்று நூல்களில் இந்த இரண்டு தேதிகளும் அருகருகே வைத்துப் பேசப்படுவது குறைவு என்பது என் குறை.

1871-இன் சட்டம் முதலில் வட இந்தியப் பகுதிகளுக்கு மட்டும் இருந்தது. 1911-இல் வந்த புதிய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. அதில் விரல் ரேகைப் பதிவும் சேர்ந்துகொண்டது. மதுரைப் பகுதியில் மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே இன்றும் சொல்கிறார்கள். குற்றமே செய்யாதவர் ரேகை வைக்க வேண்டும். இரவில் காவலர் முன்போ ஊர் அதிகாரி முன்போ தலைகாட்ட வேண்டும். அயலூருக்குப் போனால் கையில் சீட்டு இருக்க வேண்டும். உசிலம்பட்டிப் பகுதியில் உள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். அப்பகுதியில் வாழும் பிரமலைக் கள்ளர் சமூகத்துக்காக இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அந்த மக்கள் ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தார்கள். பின்னர் முத்துராமலிங்கத் தேவரும் ப. ஜீவானந்தமும் சட்டத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் நீங்கிய நாள் 1952 ஆகஸ்ட் 31. நாடு விடுதலை பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்துத் தமக்கு விடுதலை வந்த நாள் என்று, அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சமூகத்தவரான சீர்மரபினர் அதைக் கொண்டாடுகிறார்கள்.

சட்டம் போனதே தவிர, அதன் மொழி வேறு உடை உடுத்திக்கொண்டது. குலத்தின் இடத்தில் 'வழக்கமான குற்றவாளி' வந்தார். சென்னையில் 1948-லேயே அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. காவல் நிலையங்களில், குற்றம் செய்யக்கூடியவர் என்று கருதப்படுவோரைக் கண்காணிக்க அவர்கள் பெயரில் வைக்கப்படும் சரித்திரப் பதிவேடு தொடர்ந்தது. ஊரில் சாதாரணமாக வசைபோல வழங்கும் 'கேடி' என்ற சொல்கூடப் போலீஸ் பதிவேட்டின் இரண்டு ஆங்கில எழுத்துகளிலிருந்து வந்தது என்பார்கள். கேடு என்ற தமிழ்ச் சொல்லோடு அது இசைந்துபோனதால் யாருக்கும் அது அயற்சொல்லாகத் தெரியவில்லை. 2024 மே மாதம் அமானதுல்லா கான் வழக்கில், பின்தங்கிய, விளிம்பு நிலைச் சமூகங்களைச் சேர்ந்த குற்றமற்றவர்களின் பெயர்கள் இயந்திரகதியில் சரித்திரப் பதிவேட்டில் ஏற்றப்படுவதைப் பற்றி உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சாதியின்படி வேலையும் அறையும் பிரித்த சிறைக் கையேடுகளின் விதிகளை அது செல்லாதென்று அறிவித்தது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகள் போல நடத்தும் வாசகங்கள் அந்தக் கையேடுகளில் அதுவரை இருந்தன. 1871-இலிருந்து கணக்கிட்டால் 153 ஆண்டுகள்.

தமிழ்நாட்டில் இன்று பிரெஜுடிஸ் என்ற சொல்லின் இரு பொருள்களும் மிக நெருக்கமாக உரசிக்கொள்ளும் இடம் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். கள்ளச்சாராயம் விற்போர், போதைப்பொருள் குற்றவாளிகள், மணல் கடத்துவோர், குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர் என்று நீளும் அதன் முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. குண்டர் சட்டம் என்றால்தான் தெரியும். 'பொது ஒழுங்கைப் பேணுவதற்குக் குந்தகமான முறையில்' ஒருவர் நடந்துகொள்ளக்கூடும் என்று மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ திருப்தி அடைந்தால், விசாரணையின்றி அவரைப் 12 மாதங்கள் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். நாளிதழின் குந்தகம் இத்தகைய சட்ட வாசகங்களின் சாயல்தான். அதாவது, அவர் இனிமேல் குந்தகம் விளைவிப்பார் என்ற முன்முடிவின் பேரில் அவர் சிறையில் இருக்கிறார். இத்தகைய சட்டமே கூடாது என்று வாதிடுபவர்களும் உண்டு, ஊரைக் காக்க வேறு வழியில்லை என்பவர்களும் உண்டு. என் சார்பு முதல் தரப்பின் பக்கம். ஆயினும் இரண்டாவது தரப்பினர் எல்லோரும் ஈரமற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், தெருவில் ஒரு ரவுடிக் கும்பல் குடியேறினால் அந்தத் தெருக்காரர்களின் பாடு எனக்கும் தெரியும்.

இந்தக் காவல் உத்தரவுகளில் கணிசமானவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்கிறது. அப்படி ரத்தாகும் காரணங்களில் ஒன்று என் தொழிலோடு நேராகத் தொடர்புடையது. அரசியல் சாசனத்தின் 22(5) பிரிவுப்படி, காவலில் வைக்கப்பட்டவருக்குக் காரணங்களைத் தெரிவித்து, அவர் தம் தரப்பை எடுத்துரைக்க மிக விரைவில் வாய்ப்பளிக்க வேண்டும். 1962-இல் மகாராஷ்டிர அரசுக்கு எதிரான ஹரிகிசன் வழக்கில், ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் எழுதிய காரணங்களைக் கொடுத்துவிட்டு வாய்மொழியாக விளக்கினால் போதாது, அவருக்குப் புரியும் மொழியில் எழுத்திலேயே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் குண்டர் சட்டத்தின் கீழ் தரப்படும் தடித்த கோப்புகளில் கைது அறிவிப்பும் ரிமாண்ட் உத்தரவும் ஜாமீன் உத்தரவும் இன்றும் ஆங்கிலத்திலேயே இருந்துவிடுவதுண்டு. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு அவற்றின் மொழிபெயர்ப்பு தரப்படவில்லை என்றால், தம் தரப்பைப் பயனுள்ள வகையில் எடுத்துரைக்கும் உரிமைக்குப் பாதகம் ஏற்பட்டது என்று வழக்கறிஞர் வாதிடுகிறார். நீதிமன்றமும் அதை ஏற்று உத்தரவை ரத்து செய்கிறது. இவர் எதிர்காலத்தில் குற்றம் செய்வார் என்ற முன்முடிவு சரியா என்ற கேள்விக்குள் பெரும்பாலும் யாரும் போவதில்லை. அதிகாரியின் மனத்திருப்தியை நீதிமன்றம் எடைபோடுவது கடினம். விடுபட்ட பக்கத்தை எண்ணிக் காட்டுவது எளிது. ஆகவே வழக்கறிஞர்கள் கோப்பு கைக்கு வந்ததும் முதலில் குற்றச்சாட்டைப் படிப்பதில்லை, ஆங்கிலப் பக்கங்களுக்கு எதிரே தமிழ்ப் பக்கம் இருக்கிறதா என்றுதான் புரட்டிப் பார்க்கிறார்கள்.